கட்டம் போனும் காலி ஷேர் ஆட்டோவும்

நல்ல போன் அது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீதியைப் படித்துவிட்டு மட்டமான சரக்கு என்று யாரும் நினைக்கக் கூடாது.

கீழே விழுந்தால் உடையாது. சார்ஜ் நிற்கும். வெயிலில் திரை தெரியும். டார்ச் போட்டால் தெருக்கோடி வரை வெளிச்சம் போகும். திரையைத் திறந்தால் கட்டம் கட்டமாக, கலர் கலராக இருக்கும். அதனால் கும்மிடிப்பூண்டி பக்கம் அதைக் கட்டம் போன் என்றார்கள். கம்பெனி வைத்த பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. என் வாயிலும்தான்.

அந்தப் போன் விற்கவில்லை.

ஏன் என்ற கேள்வி, வேலையை விட்டு வந்த பிறகும் என்னை விடவில்லை. இந்த லைனுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் கையில் இப்போது எல்லாம் இருக்கிறது. எந்தக் கடையில் எது ஓடுகிறது, எது தூங்குகிறது என்று ஒரு தட்டு தட்டினால் தெரிகிறது. ஏன் தூங்குகிறது என்று அதில் தெரியாது. அதற்குக் கடையை விட்டு வெளியே போக வேண்டும். நான் போன கதையைச் சொல்கிறேன். எனக்கு எழுத்து வேலை பழக்கமில்லை. படிப்பு எட்டாவதோடு நின்றது. நடந்ததை நடந்தபடி சொல்லத் தெரியும்.

அப்போது நான் ஃபீல்டு சூப்பர்வைசர். பொன்னேரியிலிருந்து ஆரம்பாக்கம் வரை, உள்ளே ஆரணி, பெரியபாளையம் எல்லாம் என் ஏரியா. கடைகளில் எங்கள் போன் கண்ணில் படுகிற இடத்தில் இருக்கிறதா, எங்கள் ஆள் நிற்கிறாரா என்று பார்க்க வேண்டும்.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் பஜாரில் ஒரு பாய் கடை உண்டு. எல்லாக் கம்பெனி போனும் விற்பார். அங்கே கட்டம் போனுக்கென்று தனி மேஜை போட்டோம். அதில் நிற்க ஸ்டெல்லா என்ற பெண்ணை வேலைக்கு எடுத்தோம். கவரைப்பேட்டைக்காரி. அதற்கு முன்னால் சிப்காட் தொழிற்பேட்டையில் காருக்கு ஒயர் செட் செய்கிற கம்பெனியில் இருந்தாள். ஷிஃப்ட் முழுக்க நின்றபடி வேலை. கால் வீங்கி, ராத்திரி ஷிஃப்ட் ஒத்துக்கொள்ளாமல் விட்டுவிட்டு வந்தவள்.

முதல் நாள் மேஜை மேல் பிளாஸ்டிக் உறையைப் பிரித்துக்கொண்டே கேட்டாள்.

"அண்ணா, இந்த டேபிள் எத்தினி நாளைக்கு இருக்கும்?"

"தீபாவளி வரைக்கும் பாப்பாங்க. போன் ஓடுனா நிரந்தரம்."

"ஓடலன்னா?"

"எடுத்துடுவாங்கம்மா."

"அப்ப எனக்கு திரும்ப கம்பெனி பஸ்ஸு." சொல்லிவிட்டு மேஜையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

அவள் வேலையில் குறை சொல்ல முடியாது. கடைக்குள் வருகிறவரை வா என்று இழுக்க மாட்டாள். போனைக் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பாள். வந்தவர் கட்டத்தைத் தேய்ப்பார், தட்டுவார், போட்டோ எடுப்பார். "சூப்பரா கீது" என்பார். கொடுத்துவிட்டுப் பக்கத்து மேஜைக்குப் போய் வேறு போன் வாங்குவார். தினமும் இதே கதை.

சென்னையில் மீட்டிங் போட்டார்கள். ஏரியா மேனேஜர் படித்தவர், நல்ல மனுஷர். மக்களுக்குப் போனைப் பற்றித் தெரியவில்லை, அதுதான் காரணம் என்றார். தெரியவைக்க பலூன் அனுப்பினார். பாய் கடை வாசலில் பலூன் வளைவு கட்டினோம். ஸ்கூல் விட்டு வந்த பிள்ளைகள் ஆளுக்கொன்று பிய்த்துக்கொண்டு போனார்கள். அன்றைக்கு ஊரில் எல்லாருக்கும் கட்டம் போனைத் தெரிந்துவிட்டது. அன்றைக்கும் விற்கவில்லை.

சரி, தெரியாததால் இல்லை. வேறு எதனால்?

ஒரு நாள் நான் கடையில் இருக்கும்போதே ஒரு பையன் வந்து, "கட்டம் போன் இருக்கா பாய்?" என்று கேட்டான். தானாகக் கேட்டு வந்த முதல் ஆள். பாய் அவன் தோளில் கைபோட்டு அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போய் வேறு போனை எடுத்துக் காட்டினார். அவனும் அதை வாங்கிக்கொண்டு போனான்.

எனக்குச் சுருக்கென்றது. "இன்னா பாய் இது? கேட்டுக்கினு வந்தவனை அனுப்பிட்டீங்களே?"

பாய் கோபப்படவில்லை. டீ சொன்னார்.

"தலைவரே, உங்க போனை வித்தா எனக்கு ஒரு நாள் சந்தோஷம். மறுநாள் காலையில நாஷ்டா துன்றதுக்குள்ள அவன் வந்து வாசல்ல நிப்பான். அது வரல, இது வரலன்னு. எனக்கே தெரியாது, நான் இன்னாத்த சொல்றது? உங்க மேனேஜர் சென்னையில கீறாரு. இவன் என் வாசல்ல கீறான்."

"கத்துக் குடுக்கத்தான் ஸ்டெல்லா இருக்குதே."

"அது போயிடுச்சின்னா? சரி, அத்த வுடு. கவர் எங்க? மேல ஒட்டற கிளாஸ் எங்க?"

மேலே கொடியைக் காட்டினார். எல்லாப் போனுக்கும் பின்கவர் தோரணமாகத் தொங்கியது. சாமி படம், நடிகர் படம், பூப்போட்டது. கட்டம் போனுக்கு ஒன்றுகூட இல்லை.

"கவர் போடறவனைக் கேட்டேன். போன் ஓடட்டும் பாய், அப்பால அடிக்கிறேன்றான். வாங்க வர்றவன், கவரே இல்லாத போனை எப்படிப் பாய் வாங்கறதுன்றான். நான் யாரை நம்பறது?"

இது எனக்குப் புதிதாக இருந்தது. கவர் அடிப்பவர் போனுக்காகக் காத்திருக்கிறார். வாங்குபவர் கவருக்காகக் காத்திருக்கிறார். கடைக்காரர் இரண்டு பேருக்காகவும் காத்திருக்கிறார். இந்தப் போனுக்கு ஆப் செய்கிற ஆட்கள் எங்கேயோ பெரிய ஊரில் இருப்பார்கள். அவர்களும் ஆள் சேரட்டும், பிறகு செய்கிறோம் என்றுதான் உட்கார்ந்திருப்பார்கள் என்று தோன்றியது. மேனேஜரிடம் கேட்டேன். ஆமாம், அப்படித்தான் என்றார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று வேறு கேட்டார். பின்கவரைப் பார்த்து என்று சொல்லக் கூச்சமாக இருந்தது.

அதன் பிறகு நான் கடையை விட்டு வெளியே பார்க்க ஆரம்பித்தேன். சும்மா கம்பெனி பஸ் ஏறிப் போவேன். டிரைவர் தெரிந்தவர். பஸ்ஸில் போன் எப்படிக் கை மாறுகிறது என்று பார்ப்பேன். ஒருவனுக்கு ஏதாவது சிக்கினால் கடைக்கு வரமாட்டான். பக்கத்து சீட்டுக்காரனிடம் நீட்டுவான். அவனுக்கும் தெரியாவிட்டால் பின் சீட்டுக்குப் போகும். பஸ் சிப்காட் போய்ச் சேர்வதற்குள் சரியாகித் திரும்பி வரும். நாங்கள் விற்ற ஒன்றிரண்டு கட்டம் போனில் ஒன்று அந்த பஸ்ஸில் இருந்தது. ஒரு நாள் அதுவும் பின்னால் போனது. கடைசி சீட்டு வரை போய் அப்படியே திரும்பி வந்தது.

"இது இன்னா மச்சான், சிலேட்டு மாதிரி கீது. உனக்கு வேற போனே கெடைக்கலியா?"

பஸ் முழுக்கச் சிரிப்பு. போனை வாங்கியவன் அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்தச் சிரிப்பை நூறு பலூன் கட்டினாலும் நிறுத்த முடியாது என்று அன்றைக்குப் புரிந்தது.

ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோ நிற்கும். நீங்களும் பார்த்திருப்பீர்கள். காலி ஆட்டோவில் யாரும் ஏற மாட்டார்கள். பையை மாட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்பார்கள். டிரைவர், "ரெண்டு பேர் ஏறுங்க, கெளம்பிடும்" என்று கத்துவார். கிளம்பட்டும், ஏறுகிறோம் என்று இவர்கள் நிற்பார்கள். அதற்கு டிரைவர் ஒரு வழி வைத்திருந்தார். கூட்டாளியை டிபன் பையோடு உள்ளே உட்கார வைப்பார். ஆள் இருக்கிறதைப் பார்த்ததும் மற்றவர் ஏறுவார்கள். நிறைந்ததும் கூட்டாளி நைசாக இறங்கிக்கொள்வார்.

எனக்குப் பொறி தட்டியது. எங்கள் ஆட்டோவில் முதலில் உட்கார ஒரு கூட்டம் வேண்டும். ஒரே பஸ்ஸில் பத்துப் பேர் கையில் கட்டம் போன் இருந்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள். மேனேஜரிடம் சொன்னேன். துள்ளிக் குதித்தார்.

தேடிப் போகவே வேண்டியிருக்கவில்லை. ஆள் தானாக வந்தார்.

ரமணய்யா மேஸ்திரி. ஆந்திரா பார்டர் பக்கத்து ஊர்க்காரர். இரும்பு உருக்குகிற கம்பெனிக்கு லேபர் கான்ட்ராக்ட் எடுப்பவர். அவரிடம் வேலை செய்தவர்கள் எல்லாம் ஒடிசாக்காரர்கள். தீபாவளிக்கு ஆளுக்கொரு போன் கொடுக்கப் போகிறேன் என்று வந்து நின்றார்.

"போன வருசம் ஸ்வீட் பாக்ஸ் குடுத்தேன் நைனா. துன்னுட்டு ரயிலேறிப் போனவன் பாதிப் பேரு திரும்பி என்கிட்ட வரல. பக்கத்து மேஸ்திரிகிட்ட போயிட்டான். போனு குடுத்தா கையிலயே இருக்கும். எடுக்கறப்பல்லாம் என் ஞாபகம் வரும்."

எல்லா போனையும் பார்த்தார். கட்டம் போனை எடுத்து, எங்களைக் கேட்காமலே சிமென்ட் தரையில் போட்டார். ஸ்டெல்லா கண்ணை மூடிக்கொண்டாள். எடுத்துத் துடைத்துப் பார்த்தார். கீறல்கூட இல்லை.

"இதுதான் எங்க ஃபாக்டரிக்கு லாயக்கு. நாப்பது வேணும். டப்பு ரெடி."

நாற்பது போன். ஒரே நாளில். ஸ்டெல்லாவின் மேஜை அசையாது. நான் பில் போடச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் ஸ்டெல்லா பேசினாள்.

"மேஸ்திரி, ஒண்ணு மட்டும் முதல்ல எடுத்துக்கினு போங்க. உங்க ஆளு ஒருத்தருக்குக் குடுத்துப் பாருங்க. அவருக்கு ஒத்துக்கிச்சின்னா தீபாவளிக்கு முன்னாடி வந்து நாப்பதும் எடுத்துக்கோங்க."

மேஸ்திரி அவளை ஒரு மாதிரி பார்த்தார். "விக்க வந்தியா, வாணாம்னு சொல்ல வந்தியாம்மா?" என்றார். ஆனாலும் ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு போனார். பிகாஷ் என்ற பையனுக்குக் கொடுப்பேன், அவன்தான் அந்தக் கூட்டத்தில் விவரமானவன் என்றார்.

அவர் தலை மறைந்ததும் நான் கத்தினேன். பஜாரில் நின்றுகொண்டு கத்தினேன்.

"ஏம்மா, உன் டேபிளு இது. உன் வேலை இது. கையில வந்ததை ஏன் தள்ளிவுட்ட?"

"தள்ளலண்ணா. எனக்கு ஒண்ணு தெரியல, அத்த பாக்கலாம்னேன்."

"இன்னா தெரியல?"

"அந்தப் பசங்க சாயந்திரம் ஊருக்கு வீடியோ கால் போடுவாங்க. நம்ப போன்லயும் அதே ஆப் இருக்கு. ஆனா குரல் மட்டும்தான் போவும். மூஞ்சி வராது."

"குரல் போனா போதாதா? நாங்கல்லாம் எஸ்.டி.டி. பூத்துல நின்னு குரல் பேசலியா?"

"போதுமா போதாதான்னுதான் எனக்குத் தெரியல."

நான் ஷேர் ஆட்டோ கதையைச் சொன்னேன். நாற்பது பேர் முதலில் ஏறினால் மற்றவர்கள் ஏறுவார்கள், மூஞ்சியும் பிறகு வந்துவிடும் என்றேன். அவள் கேட்டாள்.

"அந்தக் கூட்டாளி எறங்கிடுவாருண்ணா. இந்த நாப்பது பேரு எங்க எறங்குவாங்க?"

எனக்கு இன்னும் கோபம் வந்தது. டீ குடிக்காமல் கிளம்பிப் போனேன்.

ஆனால் அந்தக் கேள்வி என்னோடு வந்தது. குரல் போதுமா, போதாதா? தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. சில நாள் கழித்து அந்த இரும்புக் கம்பெனி வாசலுக்கே போனேன்.

அந்த ஏரியாவில் நிறைய கம்பெனிகளில் போனை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். அதனால் கேட்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். புறாக்கூண்டு மாதிரி மரத்தில் அறை அறையாகத் தடுத்து வைத்திருப்பார் கடைக்காரர். போனை வைத்துக்கொண்டு டோக்கன் கொடுப்பார். ஷிஃப்ட் முடிந்ததும் டோக்கனைக் கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

நான் போனது வேலை விடுகிற நேரம். ஐப்பசி மாதம், சீக்கிரம் இருட்டிவிட்டது. சங்கு ஊதியதும் எல்லாரும் ஓடி வந்தார்கள். பிகாஷை எனக்குத் தெரியாது. ஆனால் கட்டம் போன் எந்த அறையில் இருக்கிறது என்று பார்த்து வைத்திருந்தேன். ஒல்லியாக ஒரு பையன் வந்து டோக்கனை நீட்டினான். கடைக்காரர் அந்த அறையிலிருந்து இரண்டு போனை எடுத்துக் கொடுத்தார். ஒன்று எங்களுடையது. இன்னொன்று மூலையில் உடைந்த, ரப்பர் பேண்ட் போட்ட பழைய போன்.

கம்பெனி மதிலை ஒட்டி எல்லாரும் வரிசையாகக் குந்தினார்கள். ஆளாளுக்கு வீடியோ கால். பிகாஷும் குந்தினான். இடது கையில் ரப்பர் பேண்ட் போட்ட போனைப் பிடித்துக்கொண்டான். அதில் ஒரு பெண்ணும் குழந்தையும் தெரிந்தார்கள். மதில் ஓரம் இருட்டு. வலது கையில் கட்டம் போனை எடுத்து டார்ச்சைப் போட்டான். அந்த வெளிச்சத்தைத் தன் முகத்தில் அடித்துக்கொண்டு பேசினான். குழந்தை திரையில் கையைத் தட்டியது.

அவன் பேசி முடிக்கும் வரை காத்திருந்தேன். நான் யார் என்று சொன்னேன். பயந்துவிட்டான். மேஸ்திரி அனுப்பினாரா என்று கேட்டான். இல்லை என்றேன்.

"புது போன்லயே பேசலாமே பிகாஷ்?"

"பேசினேன் அண்ணா. ரெண்டு நாள் பேசினேன். பாப்பா நான் ஊருல இல்லாதப்ப பொறந்தது. என் குரல் அது தெரியாது. மூஞ்சி பார்த்தா தெரியும். மூஞ்சி பார்த்தா சிரிக்கும்."

பிறகு சொன்னான்: "போன் நல்லா இருக்கு அண்ணா. லைட்டு ரொம்ப நல்லா இருக்கு. மேஸ்திரிகிட்ட தப்பா சொல்லாதீங்க."

வண்டியை எடுத்துக்கொண்டு திரும்பினேன். மூன்று மாதமாக நான் தேடிய பதில் அந்த மதில் ஓரத்தில் குந்தியிருந்தது. போனில் என்ன இருக்கிறது என்று நாங்கள் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தோம். அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் ஸ்டெல்லாவிடம் பார்த்ததைச் சொன்னேன். கூட்டிக் குறைக்காமல் சொன்னேன். முடிவு உன்னுடையது, எப்படி எடுத்தாலும் ஏன் என்று நான் கேட்க மாட்டேன் என்றேன். அன்றைக்கு அவள் வழக்கமாகப் போகும் ரயிலை விட்டுவிட்டு அடுத்த ரயிலில் போனாள். அது மட்டும் தெரியும்.

தீபாவளிக்கு முந்தின வாரம் மேஸ்திரி பிகாஷைக் கூட்டிக்கொண்டு வந்தார். மேனேஜரும் சென்னையிலிருந்து வந்திருந்தார், நாற்பது போனோடு மேஸ்திரியைப் போட்டோ எடுக்கலாம் என்று. பாய் பில் புத்தகத்தோடு நின்றார். கடையில் கூட்டம்.

"சொல்லுடா, போன் எப்படி கீது?" என்றார் மேஸ்திரி.

"நல்லா இருக்கு மேஸ்திரி," என்றான் பிகாஷ். வேலை கொடுப்பவர் கொடுத்த பொருளை வேறு எப்படிச் சொல்வான்?

"கேட்டியாம்மா? இப்ப குடு நாப்பது."

மேனேஜர் முகம் மலர்ந்தது. நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தாலே போதும். யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. ஆளைக் கேட்டாயிற்று, அவனும் நல்லது என்று சொல்லிவிட்டான்.

"பிகாஷ்," என்றாள் ஸ்டெல்லா. "ஊருக்குக் கால் போடேன். பாப்பாவை நானும் பாக்கறேன்."

பிகாஷின் கை தானாக இடது பைக்குப் போனது. ரப்பர் பேண்ட் போன் வெளியே வந்தது.

"டேய், அத்த ஏண்டா எடுக்கற? புதுசுல போடு," என்றார் மேஸ்திரி.

பிகாஷ் நெளிந்தான். "அதுல மூஞ்சி வராது மேஸ்திரி."

"அப்ப இத்தினி நாளா அதுல இன்னாத்த பண்ணிக்கினு இருந்த?"

"லைட் அடிச்சேன்."

கடையே சிரித்தது. மேஸ்திரியும் சிரித்தார். "டார்ச் லைட்டுக்கா நாப்பது போனு வாங்க வந்தேன் நைனா?" என்றார் என்னைப் பார்த்து.

மேனேஜர் முன்னால் வந்தார். "சார், அடுத்த அப்டேட்ல வந்துடும். சீக்கிரம்."

"சீக்கிரம்னா எப்போ?"

"அது... மேல வேலை நடக்குது சார்."

"என் பசங்க தீபாவளிக்கு ஊருக்குப் போறாங்க. உங்க அப்டேட்டுக்குப் போகல," என்றார் மேஸ்திரி. பிறகு ஸ்டெல்லா பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. எந்தப் போனு வாங்கட்டும்?"

அவள் எங்கள் மேஜையை விட்டு நகரவில்லை. பாயின் அலமாரியைக் கை காட்டினாள். இன்னொரு கம்பெனி போன். அன்றைக்கு மேஸ்திரி அதில்தான் நாற்பது எடுத்தார்.

அதோடு முடியவில்லை. நாற்பது பேரும் சாயந்திரம் கும்பலாக வந்துவிட்டார்கள். பழைய போனில் இருக்கும் நம்பர், போட்டோ எல்லாம் புதிதில் ஏற்ற வேண்டும். வீடியோ கால் ஆப் போட வேண்டும். பாய்க்கு அதற்கெல்லாம் பொறுமை கிடையாது. ஸ்டெல்லாதான் ஒவ்வொன்றாகச் செய்து கொடுத்தாள். எங்கள் கட்டம் போன் மேஜை மேல் வைத்தே செய்தாள். ஒவ்வொருவரும் அங்கேயே ஊருக்குக் கால் போட்டு, முகம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

மேனேஜர் போகும்போது அவளிடம் வந்தார். கெட்டவர் இல்லை என்று முன்பே சொன்னேன்.

"இந்த டேபிளை இனிமே காப்பாத்த முடியாதும்மா. திருவள்ளூர்ல ஒரு கவுண்டர் காலியா இருக்கு. அங்க மாத்திடறேன். இதே மாவட்டம்தானே, பக்கம்தானே?"

"மேப்புல பக்கம் சார். ரயில்ல பேசின் பிரிட்ஜ் வரைக்கும் போய்த்தான் திருவள்ளூருக்குத் திரும்பணும். ஊட்டுக்கு வந்து படுக்கறதுக்குள்ள மறுநாள் கெளம்பற நேரம் வந்துடும்."

தீபாவளி முடிந்ததும் குட்டியானை வண்டி வந்து மேஜையை ஏற்றிக்கொண்டு போனது. மேஜை இருந்த இடத்தில் தரை மட்டும் பளிச்சென்று தெரிந்தது. ஸ்டெல்லா சொன்னபடியே கம்பெனி பஸ் ஏறினாள். அதே ஒயர் செட். அதே நின்றபடி வேலை. ஒரு நாள் காலையில் பைபாஸில் அந்த பஸ்ஸைப் பார்த்தேன். ஜன்னல் ஓரம் தூங்கிக்கொண்டு போனாள். நான் கையைத் தூக்கினேன். பார்க்கவில்லை.

அவள் செய்தது சரியா என்று அப்போது என்னைக் கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. நாற்பது பேர் வீட்டில் முகம் தெரிந்தது. இவள் வீட்டில் ராத்திரி ஷிஃப்ட் திரும்பி வந்தது.

ஊருக்குப் போன மேஸ்திரியின் ஆட்கள் திரும்பினார்கள். இந்தத் தடவை கிட்டத்தட்ட எல்லாரும் அவரிடமே வந்தார்கள். போன்தான் காரணமா என்று எனக்குத் தெரியாது. மேஸ்திரி அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தார். வந்தவர்கள் வாரக் கடைசியில் பாய் கடைக்குப் போனார்கள். ஒருவனுக்கு சிம் மாற்ற வேண்டும். ஒருவனுக்கு ஊர் நம்பர் மறைந்துவிட்டது. ஒருவன் தன்னோடு ரூமில் இருக்கும் புது ஆளுக்கும் அதே போன் வேண்டும் என்றான். எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி.

"அக்கா எங்கே?"

அக்கா இல்லை என்றதும் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பிப் போய்விட்டார்கள். புது ஆளும்தான்.

பாய் எனக்கு போன் போட்டார். "பேஜாரா போச்சு தலைவரே. வர்றவன்லாம் என் மூஞ்சியப் பாத்துட்டுத் திரும்பிப் போறான். அந்தப் பொண்ணை வரச் சொல்லு. நானே சம்பளம் குடுக்கறேன்."

கவரைப்பேட்டை போய் அவளிடம் சொன்னேன். உடனே சரி என்று சொல்லவில்லை.

"பாய் கடையிலயும் நின்னுக்கினுதான் இருந்தேன். கம்பெனியிலயும் நின்னுக்கினுதான் இருக்கேன். உக்கார ஸ்டூல் போட்டாதான் வருவேன்னு சொல்லுங்கண்ணா."

பாய் முனகினார். எந்தக் கடையில் வேலை செய்கிறவர்களை உட்கார வைக்கிறார்கள் என்றார். பிறகு மேஜை போன அந்தப் பளிச்சென்ற இடத்தில் ஒரு ஸ்டூலும் சின்னப் பலகையும் போட்டார்.

கட்டம் போனை அதன் கம்பெனியே கொஞ்ச நாளில் நிறுத்திவிட்டது. முகம் வருகிற அப்டேட் வந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. வந்திருந்தாலும் பார்க்க ஆள் இல்லை. பெரிய இடத்தில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் அதற்கு நிறையக் காரணம் சொல்வார்கள். சரியாகவும் இருக்கும். என்னிடம் இருப்பது நான் பார்த்த காரணம் மட்டும்தான். புதிதாக ஒரு சாமான் உங்கள் கைக்கு வரும்போது ஷேர் ஆட்டோவை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆளை ஏற்றுவதற்கு முன்னால், வண்டி கிளம்பாவிட்டால் அவர் இறங்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். வழி இல்லை என்றால் அவரிடமே சொல்லிவிடுங்கள்.

நான் வேலையை விடுவதற்கு முன்னால் கடைசியாக அந்தக் கடைக்குப் போயிருந்தேன். ஸ்டெல்லா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் நான்கைந்து பேர். அதில் பிகாஷ் ஒருவன். யாரோ புது ஆளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். ஸ்டெல்லா சிம் தட்டைத் திறக்கும்போது சிம் பின் கை நழுவிப் பலகைக்கு அடியில் விழுந்துவிட்டது. குனிந்து தடவினாள். கிடைக்கவில்லை. பாய் அங்கிருந்தே திட்டினார்.

"இரு அக்கா," என்றான் பிகாஷ்.

இடது பையில் இன்னும் வைத்திருந்த கட்டம் போனை எடுத்தான். தரையில் மண்டியிட்டு டார்ச்சைப் போட்டான். பலகைக்கு அடியில் தூசி, ஒரு பழைய பலூன் துண்டு, சுவர் ஓரமாக சிம் பின், எல்லாம் பகல் மாதிரி தெரிந்தது.

"நல்ல போனுடா இது," என்றாள் ஸ்டெல்லா, பின்னை எடுத்துக்கொண்டே.